கழற்றி மாட்டும் ரயில்

புது வீட்டுக்கு இடம் பார்க்கப் போகும் பெரியவர்கள் எதையெல்லாம் விசாரிப்பார்கள்? தண்ணீர் உப்பா நல்லதா, பள்ளிக்கூடம் பக்கமா, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் தேங்குமா என்று கேட்பார்கள். மிக்கி மவுஸைத் தந்த வால்ட் டிஸ்னி இவற்றோடு இன்னொன்றும் பார்த்தார். தோட்டத்தில் ரயில் ஓட்ட இடம் போதுமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், கரோல்வுட் டிரைவ் என்ற தெருவில் அப்படி ஓர் இடம் அவருக்கு அமைந்தது. வீட்டைச் சுற்றி 2,615 அடிக்குத் தண்டவாளம் போட்டார். ஏறக்குறைய 800 மீட்டர்! 1950-ல் அதில் நீராவி இன்ஜின் ஓடத் தொடங்கியது. நிஜ இன்ஜினை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது அது. உள்ளே நெருப்பு எரியும், தண்ணீர் கொதிக்கும், புகைபோக்கியில் புகை வரும். டிஸ்னி இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டுவார். விருந்துக்கு வந்தவர்கள் பெட்டிகளின் மேல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து வருவார்கள். இன்ஜினின் பெயர் ‘லில்லி பெல்’. மனைவி லில்லியனின் பெயரையொட்டி வைத்த பெயர்.

லில்லியனுக்கோ தன் பூந்தோட்டத்தை ரயில் கெடுத்துவிடக் கூடாதே என்ற கவலை. டிஸ்னி என்ன செய்தார் தெரியுமா? பூச்செடிகளுக்கு அடியில் 90 அடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, ரயிலை அதன் வழியே விட்டார். சுரங்கத்தை நேராக வெட்டாமல், முதலில் ஒரு பக்கமும் பிறகு மறு பக்கமுமாக வளைத்தார். உள்ளே நுழைகிறவருக்கு மறு வாசல் தெரியாது. எப்போது வெளிச்சம் வரும் என்ற பரபரப்பு கடைசிவரை இருக்கும்.

1953-ல் விருந்தாளி ஒருவர் ரயிலை மிக வேகமாக ஓட்டினார். வளைவில் தடம் புரண்டு, வெளியேறிய நீராவி பட்டு ஒரு சிறுமிக்குக் காயம். அத்தோடு டிஸ்னி அந்த ரயிலை நிறுத்திவிட்டார். அந்தத் தோட்டத்தில் ஒரு மரக் கொட்டகை இருந்தது. ரயிலை இயக்கும் கட்டுப்பாட்டு அறையும் பட்டறையும் அதற்குள்தான். 1999-ல் அந்தக் கொட்டகையைப் பெயர்த்துக் கொண்டுபோய், அதே நகரின் கிரிஃபித் பூங்காவில் திரும்ப நிறுவினார்கள். இன்றும் அங்கே பார்க்கலாம். பலகையும் ஆணியுமாக இருந்தது, இடம் மாற முடிந்தது. மண்ணுக்குள் வெட்டிய சுரங்கத்தை லாரியில் ஏற்ற முடியுமா?

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் வாடகை வீட்டில் இருப்பீர்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாற்றல் வந்தால் ஊரே மாறும். அப்படிப்பட்ட வீட்டிலும் மாதிரி ரயில் கட்டலாம். எதையும் நிரந்தரமாக ஒட்டிவிடாமல், எங்கே பிரிக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டுக் கட்ட வேண்டும்.

இது புது யோசனை இல்லை. 1891-ல் ஜெர்மனியின் லைப்ஸிக் சந்தையில் மார்க்லின் என்ற பொம்மை நிறுவனம், துண்டு துண்டாகக் கழற்றிச் சேர்க்கும் தண்டவாளத்தோடு ரயில் பொம்மையை விற்பனைக்கு வைத்தது. சாயங்காலம் கூடத்துத் தரையில் விரிக்கலாம், படுக்கப் போகும்போது பெட்டியில் போட்டு மூடலாம். வேண்டும்போது கூடுதல் துண்டுகள் வாங்கிப் பாதையை நீட்டலாம். இன்றுவரை மாதிரி ரயில்காரர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

சரி, நிஜ ரயிலை எவ்வளவு சுருக்குவது? இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உலகத்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் அளவு ‘1-க்கு 87’. ஹெச்ஓ என்று சொல்வார்கள். நிஜத்தில் 87 சென்டிமீட்டர் இருப்பது மாதிரியில் 1 சென்டிமீட்டர். நம் ஊர் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 என்ற மின்சார இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 20.5 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 23.6 சென்டிமீட்டர். மேசைமேல் வைக்க வசதியான நீளம். எடை 123 டன். அதையும் 87-ஆல் வகுத்தால் 1.4 டன் வருகிறதே! ஒரு காரின் எடை. கணக்கு எங்கே தப்பியது?

நீளத்தை மட்டுமா சுருக்கினோம்? அகலத்தையும் உயரத்தையும் 87 மடங்கு சுருக்கினோம். ஆகவே 87-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 87 × 87 × 87 = 6,58,503. எடை இத்தனை மடங்கு குறையும். 123 டன்னை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 187 கிராம் வரும். இப்போது கையில் தூக்கலாம். இவ்வளவு லேசாக இருந்தால் சக்கரம் தண்டவாளத்தைச் சரியாகப் பற்றாமல் வழுக்கும். அதனால்தான் மாதிரி இன்ஜின்களுக்குள் உலோகக் கட்டி வைத்து எடை கூட்டுகிறார்கள். பெட்டிகளுக்கும் அப்படித்தான். லேசான பெட்டி வளைவில் சாய்ந்துவிடும்.

வேகத்தையும் ஒரு முறை வகுத்துவிடுவோம். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் மாதிரியில் நொடிக்குச் சுமார் 41.5 சென்டிமீட்டர்தான். மேசையில் பறக்கவிட்டால் அது ரயிலாகவே தோன்றாது. மெதுவாக ஓட்டுகிறவர் கையில்தான் மாதிரி ரயில் அழகாக ஓடும்.

தோட்டத்தில் ஓடும் ரயிலுக்கு ஹெச்ஓ அளவு போதாது. ஒரு சருகு விழுந்தாலே தடம் புரளும். அங்கே பெரிய அளவு வேண்டும். 1968-ல் ஜெர்மனியின் லேமான் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் 1-க்கு 22.5 அளவில் ரயில்களைக் கொண்டுவந்தது. தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 45 மில்லிமீட்டர். இந்த 22.5 என்ன கணக்கு? ஐரோப்பாவின் மலை ரயில்கள் பலவற்றில் இரண்டு கம்பிகளுக்கும் இடையே ஒரு மீட்டர்தான் இடைவெளி. 1,000 மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வருகிறது, 45-க்குப் பக்கத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் நம் நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். யாராவது அந்த ரயிலை இந்த அளவில் செய்தால், எல்ஜிபி தண்டவாளத்திலேயே ஓட்டிவிடலாம்!

இனி தோட்டத்துக்குள் போவோம். அங்கே ரயிலுக்கு முதல் எதிரி மழை என்று நினைப்பீர்கள். வெயில்தான் முதல் எதிரி.

தோட்டத் தண்டவாளம் பெரும்பாலும் பித்தளை. துருப்பிடிக்காது, மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால் உலோகம் சூடானால் நீளும் அல்லவா? ஒரு மீட்டர் பித்தளை, ஒரு டிகிரி சூடு ஏறினால் 0.019 மில்லிமீட்டர் நீளும். கண்ணுக்கே தெரியாது. அதிகாலையில் 20 டிகிரியில் இருந்த கம்பி, உச்சி வெயிலில் 60 டிகிரிக்குப் போகிறது என்று வையுங்கள். ஏற்றம் 40 டிகிரி. தண்டவாளம் 10 மீட்டர் என்றால், 0.019 × 40 × 10 = 7.6 மில்லிமீட்டர். ஏறக்குறைய அரை விரல் அகலம். தினமும் இத்தனை தூரம் நீண்டு, இரவில் திரும்பச் சுருங்கும்.

தண்டவாளத்தைச் சிமெண்டில் பதித்துவிட்டால் என்ன ஆகும்? நீள இடம் இல்லாமல் கம்பி பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் இணைப்புகளைப் பிய்த்துவிடும். ஜல்லியின் மேல் சும்மா கிடத்தி வைத்திருந்தால்? அதே 10 மீட்டர் தண்டவாளம் வட்டமாக இருக்கிறது என்று கொள்வோம். சுற்றளவு 7.6 மில்லிமீட்டர் கூடினால் ஆரம் கூடுவது வெறும் 1.2 மில்லிமீட்டர். வட்டம் முழுவதும் ஒரு மயிரிழை வெளியே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது, ரயிலுக்கும் தெரியாது.

ஜல்லியிலும் விஷயம் இருக்கிறது. ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம், அது உருண்டு ஓடிவிடும். உடைத்த கருங்கல் சில்லுகளுக்கு முனைகள் உண்டு. ஒன்றின் முனை இன்னொன்றின் இடுக்கில் மாட்டிக்கொள்வதால் தண்டவாளத்தை அசையாமல் பிடிக்கும். மழைத் தண்ணீர் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும். நிஜ ரயில் பாதையில் ஜல்லி கொட்டுவதும் இதற்காகத்தான்.

இப்போது வீடு மாற்றும் நாளை நினைத்துப் பாருங்கள். சிமெண்டில் பதித்தவர் கடப்பாரையைத் தேட வேண்டும். ஜல்லியில் கிடத்தியவர் இணைப்புத் திருகாணிகளைக் கழற்றி, துண்டு துண்டாக எடுத்து, துடைத்து, சாக்கில் கட்டிவிடலாம். எல்ஜிபியின் மிகச் சிறிய வட்டத்துக்கு 12 வளைந்த துண்டுகள். ஒவ்வொன்றும் 30 டிகிரி. பன்னிரண்டையும் அடுக்கினால் ஒரு கோணிப்பையில் அடங்கும். வெயிலைத் தாங்க எது நல்லதோ, அதுவே வீடு மாறவும் நல்லதாக அமைகிறது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ரயிலோரம் மரமாக நிற்கும் குட்டிச் செடிகளை மட்டும் முன்னதாகவே கவனிக்க வேண்டும். தொட்டியோடு மண்ணில் புதைத்து வளர்த்தால் வேர் அறுபடாமல் தொட்டியோடு தூக்கலாம். மின்சாரத்துக்கும் ஒரு சுலப வழி உண்டு. தண்டவாளம் வழியாக மின்சாரம் அனுப்பினால் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அழுக்குப் படிந்தால் ரயில் நின்றுவிடும். அதனால் தோட்ட ரயில்காரர்கள் பலர் பெட்டிக்குள்ளேயே பேட்டரி வைத்து, ரிமோட்டில் ஓட்டுகிறார்கள். புது வீட்டில் ஒயர் இழுக்கும் வேலையே இல்லை.

தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்வது? நம்மில் பெரும்பாலோருக்குத் தோட்டம் இல்லை. மொட்டை மாடியும் பொதுவானது. ஆகவே வீட்டுக்குள், பலகை மேல் கட்டும் ரயிலைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரே பெரிய பலகை கூடவே கூடாது. அறைக்குள் வைத்துக் கட்டி முடித்தபின் கதவு வழியே வெளியே எடுக்க முடியாமல், அறுத்துத் தூக்கி எறிந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. நான்கடி நீளம், இரண்டடி அகலம் ஒரு துண்டுக்குப் போதும். இரண்டு பேர் மாடிப்படியில் திருப்பி இறக்கலாம். வீடு மாற்ற வரும் ‘குட்டியானை’ வண்டியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே செருகலாம்.

பலகைக்கு ப்ளைவுட் நல்லது. அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள், மெல்லிய மர ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். ஓர் ஏட்டின் நார் நெடுக்காக ஓடினால், அடுத்த ஏட்டின் நார் குறுக்காக ஓடும். மழைக்காலத்தில் மரம் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் ஊதும். பக்கத்து ஏடு அதை ஊதவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சாதாரண மரக்கதவு ஐப்பசியில் இறுகிக்கொள்வதும், நல்ல ப்ளைவுட் அவ்வளவாக மாறாமல் இருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

இனி, இரண்டு பலகைகள் சேரும் இடம். முழு ரயில் பாதையிலும் இதைவிட முக்கியமான இடம் வேறு இல்லை. ஹெச்ஓ சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்துக்குக் கீழே இறங்குவது சுமார் 0.64 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன விளிம்பு ஒன்றுதான் ரயிலைப் பாதையில் வைத்திருக்கிறது. இரண்டு பலகைகளும் பக்கவாட்டிலோ உயரத்திலோ அரை மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரம் ஏறி வெளியே குதித்துவிடும். அனுபவசாலிகள் இதை எப்படிச் செய்கிறார்கள்?

பலகைகளின் ஓரச் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் சேர்த்தே துளை போடுகிறார்கள். ஒன்றில் உலோக முளை, மற்றதில் அதற்கேற்ற உலோகக் குழி. முளை குழியில் உட்கார்ந்ததும் பலகைகள் தாமாகவே நேராகும். பிறகு போல்ட் போட்டு முறுக்குகிறார்கள். போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டும். நேராக நிறுத்துவது முளையின் வேலை. போல்ட்டை மட்டும் நம்பினால், அதன் துளையில் இருக்கும் சிறு தளர்ச்சியே பலகையை விலக்கிவிடும்.

அடுத்து, ஓரத்தில் தண்டவாளத்துக்கு அடியில் நான்கு பித்தளைத் திருகாணிகளைப் பதிக்கிறார்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. தலைகளின் உயரத்தைச் சரிசெய்து, இரண்டு பலகைக்கும் பாலமாகத் தண்டவாளத்தை அவற்றின் மேல் வைத்து ஈயப் பற்று வைக்கிறார்கள். இது பெரியவர் துணையோடு செய்ய வேண்டிய வேலை. கடைசியில், சேர்ந்த இடத்துக்கு நேர்மேலே மெல்லிய ரம்பத்தால் தண்டவாளத்தை அறுக்கிறார்கள். முதலில் சேர்த்துப் பொருத்தி, அப்புறம் அறுப்பதால் இரண்டு முனைகளும் அணுவளவும் விலகாமல் இருக்கும். அறுத்த கம்பி பெயர்ந்துவிடாமல் பித்தளைத் திருகாணி பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை வீடு மாறினாலும் முளையைக் குழியில் பொருத்தினால் போதும், தண்டவாளம் தானே சேர்ந்துவிடும்.

மூட்டை கட்டும்போது இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் பார்க்கவைத்து, இரு முனையிலும் ஒரு நிற்கும் பலகையைப் போல்ட் போட்டு இணைத்தால் அதுவே ஒரு பெட்டி ஆகிவிடும். மரங்களும் வீடுகளும் விளக்குக் கம்பங்களும் உள்ளே பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் ஒரே எழுத்தை எழுதிவிடுங்கள். ‘அ’வுக்கு ‘அ’, ‘ஆ’வுக்கு ‘ஆ’. கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

வீடு மாறியபோது ரயிலையும் கூடவே கொண்டுபோனவர்களில் பெயர் பெற்றவர் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் இருந்த புகைப்படக் கலைஞர். 1946-ல் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு ஹெச்ஓ ரயில் பாதை கட்டினார். பிறகு பெரிய வீட்டுக்குப் போனார். அங்கே அடித்தள அறை முழுவதும் மலையும் பள்ளத்தாக்குமாகப் புதுப் பாதை கட்டினார். பழைய சின்னப் பாதையைத் தூக்கி எறியவில்லை. அதைப் புதிய பாதையின் ஒரு பகுதியாக அப்படியே பொருத்திவிட்டார்! அவருடைய ரயில் நிலையத்தில் பெட்டிகளை இழுத்து இடம் மாற்றியது யார் தெரியுமா? எம்மா என்ற ஸ்டெகோசாரஸ் டைனோசர். 1973 ஜனவரியில் ஆலன் காலமானார். சில நாட்களிலேயே அந்த வீட்டில் தீப்பிடித்து ரயில் பாதை எரிந்துபோனது. அவர் எடுத்த புகைப்படங்கள் மிஞ்சின. உலகெங்கும் மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் அவற்றைப் பார்த்து இன்றும் கற்கிறார்கள்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் என்ட்ராக் என்ற முறை வந்தது. எல்லோரும் வகுத்துவைத்த அளவுகளின்படி பலகை செய்ய வேண்டும். ஓரத்தில் தண்டவாளம் வந்து முடியும் இடமும் எல்லோருக்கும் ஒன்றே. நடுவில் மலையோ கடலோ அவரவர் விருப்பம். முன்பின் அறியாத இருவர் தங்கள் பலகைகளைச் சேர்த்தால் ரயில் ஓடும். நீங்களும் உங்கள் நண்பனும் இப்படி ஓர் அளவைப் பேசிவைத்துக்கொண்டால், ஊர் மாறிப் போனவன் விடுமுறைக்கு வரும்போது தன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து இணைக்கலாம்.

மாதிரி ரயில்களுக்கு விலை கூடுதல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நேரில் பார்க்க ஆசைப்பட்டால் புனே நகரில் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதுவரை, காசு செலவில்லாமல் வீட்டிலேயே தொடங்க ஒரு விளையாட்டு சொல்கிறேன். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உண்டாக்கியது. ‘இங்கில்நுக்’ என்று பெயர். ஒரு பாதை மூன்றாகப் பிரிகிறது. ஒரு கிளையில் ஐந்து பெட்டிகள் நிற்கலாம். மற்ற இரண்டிலும் மும்மூன்று. பிரியும் இடத்துக்கு முன்னால் உள்ள பாதையில் இன்ஜினும் மூன்று பெட்டிகளும் மட்டுமே நிற்கலாம். மொத்தம் எட்டுப் பெட்டிகள். எட்டுச் சீட்டுகளில் எண் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே ஐந்து பெட்டிகளையும் நீளக் கிளையில் நிறுத்த வேண்டும். கையால் தூக்கி மாற்றக் கூடாது. இன்ஜின் முன்னும் பின்னும் போய்த்தான் நகர்த்த வேண்டும்.

எத்தனை விதமான வரிசை வரும்? முதல் இடத்துக்கு 8 பெட்டிகளில் எதுவும் வரலாம். அடுத்த இடத்துக்கு மீதி 7. பிறகு 6, 5, 4. பெருக்கினால் 6,720. தினம் ஒன்று விளையாடினாலும் 18 ஆண்டுகள் ஆகும்! தீப்பெட்டிகளைப் பெட்டிகளாகவும், அட்டையில் கோடு போட்டுத் தண்டவாளமாகவும் வைத்து இன்றைக்கே விளையாடலாம். பின்னால் நிஜ மாதிரி ரயில் கிடைத்தால், இந்தப் பாதை முழுவதும் ஓரடி அகலமும் நான்கைந்தடி நீளமும் உள்ள பலகைக்குள் அடங்கிவிடும். அலமாரி மேல் வைக்கலாம், வீடு மாறும்போது கையில் தூக்கலாம்.

பலகை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அளக்கும் டேப்பை எடுத்து வீட்டு வாசற்கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம் இரண்டையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களில் சிறியதைவிட உங்கள் பலகையின் அகலம் குறைவாக இருக்கட்டும்.